அமுலு திருப்பாலைவனத்தில் இறங்கிய காலை

நம் வானொலிப் பிள்ளைகளே, உங்களில் இரண்டு பேர் இந்த வருஷம் சென்னையில் ஊடகக் கல்லூரி நேர்காணலுக்குப் போகிறீர்களாம். "மேடம், பழைய கேள்வி ஏதாவது வெச்சிருக்கீங்களா? அமுலு அக்காவுக்கு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களாமே" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தீர்கள்.

வைத்திருக்கிறேன். நாற்பது கேள்வி, நாற்பது பதில், என் கையெழுத்தில் ஒரு நோட்டு. அதை உங்களுக்குத் தரப்போவதில்லை. தராததற்குக் காரணம் சொல்ல வேண்டுமல்லவா, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அமுலுவுக்கு நான் சொல்லிக்கொடுத்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில் பாதிதான் உண்மை.

நம் சமூக வானொலிக்கு நான் பொறுப்பாளராக வந்தபோது எனக்கு முடி முக்கால்வாசி நரைத்துவிட்டிருந்தது. அதுவரை பட்டணத்தில் பெரிய வானொலியில் செய்தி வாசித்தவள். பழவேற்காடு பஜாரில் டீக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மைக், மாடியில் ஒரு கம்பம். இதெல்லாம் ஒரு நிலையமா என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

அமுலு அப்போது இங்கே பகுதிநேர அறிவிப்பாளர். இருபத்தெட்டு வயது. கடலோரக் குப்பத்துப் பெண். பொன்னேரியில் பி.ஏ. முடித்தவள். வீட்டுக்காரர் ஏழுமலை இன்னும் மூன்று பேரோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். தினமும் காலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் காற்று, அலை அறிவிப்பை அவள்தான் வாசிப்பாள். படகுக்காரர்கள் பாலித்தீன் பையில் சுற்றிய சின்ன ரேடியோவில் அதைக் கேட்பார்கள்.

அரசாங்கத்திலிருந்து வருகிற அறிவிப்பை ஒரு எழுத்து மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்பது விதி. அவள் மாற்றமாட்டாள். ஆனால் முடித்துவிட்டு மைக்கை மூடாமல் இரண்டு வரி சொல்லுவாள். "இன்னிக்கு மேல்காத்துதான், ஆனா சாதுவாத்தான் இருக்கும். முகத்துவாரத்துல மணல் ஏறிக்கீது, வலப்பக்கமா வாங்க." இதற்காக நான் அவளை இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறேன். தலையை ஆட்டுவாள். மறுநாள் மறுபடி இரண்டு வரி.

அவள் ஊடகக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு நேர்காணலுக்கு அழைப்பும் வந்தபோது எனக்கு அவளைவிட அதிக சந்தோஷம். மூன்று வாரம் இருந்தது. தினமும் மதியம் மூன்று மணிக்கு என் எதிரே உட்கார வைத்தேன்.

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஆரம்பாக்கத்துக்காரி, இதே ஏரிக்கரை ஊர். நான் முதன்முதலாக வானொலித் தேர்வுக்குப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா என்ன செய்யறார்?" என்று கேட்டார்கள். "நைனா ஏரிக்குப் போவாரு சார், எறா புடிக்க" என்றேன். மூவரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு மூத்த அறிவிப்பாளர் ஒருவர் ஒரு வருஷம் பயிற்சி கொடுத்தார். "உன் பேச்சைக் கேட்டு நீ எந்த ஊர் என்று யாருக்கும் தெரியக்கூடாது" என்பதுதான் அவருடைய பாடம். அடுத்த முறை "என் தந்தை மீனவர்" என்றேன். வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அந்தக் குரலிலேயே சாப்பிட்டேன்.

அதனால் எனக்கு வேலை செய்த வழியை அவளுக்கும் சொன்னேன். "இன்னா" வரக்கூடாது. "கீது" வரவே கூடாது. தாமதமானால் காரணம் சொல்லாதே, மன்னிப்பு மட்டும் கேள். உன் சொந்தக் கஷ்டத்தைப் பேசாதே. கிளம்பியதிலிருந்து போனைத் தொடாதே, பதில்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போ. உள்ளே நுழையும்முன் அணைத்துவிடு.

"எதற்காக இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்பேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "விளிம்புநிலை மக்களின் குரலை வெகுஜன ஊடகங்களில் ஒலிக்கச் செய்வதே என் நோக்கம்" என்பாள்.

"நல்லா இருக்கு. ஏன் தரையைப் பாக்கற?"

"தரையைப் பாத்தாத்தான் மேடம் ஞாபகம் வருது."

ஒருநாள் கேட்டாள், "மேடம், விளிம்புநிலை மக்கள்னா நாங்களா?" ஆமாம் என்றேன். "எங்க குப்பத்துல யாருக்கும் தெரியாது" என்றாள். நான் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. ஆறரை மணி பஸ்ஸில் ஏறினால் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயில். "காலை அறிவிப்பை நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்று சொல்லியிருந்தேன். பதினொரு படகும் விடியுமுன்னே போய்விட்டன. ஐந்து மணி அறிவிப்பில் ஒன்றும் விசேஷமில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன் புதிய எச்சரிக்கை வந்தது. மாவட்டத்தில் சில இடங்களில் அடுத்த சில மணி நேரத்தில் இடியுடன் பலத்த தரைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதை நான் மூன்று முறை வாசித்தேன். நிறுத்தி, நிதானமாக, ஒரு 'ழ' பிசகாமல். வாசித்து முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு திருப்தி. பட்டணத்தில் அந்தக் காலத்தில் வாசித்த மாதிரியே இருந்தது.

பத்து நிமிஷம் கழித்துக் கீழே டீக்கடைக் கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்தார். அவர் தம்பியும் அன்றைக்குக் கடலில்.

"இன்னாம்மா, காத்து நெசமாலுமே வருதா?"

"அதைத்தானே மூணு தடவை சொன்னேன்."

"தம்பிக்கு போன் போட்டேன். 'ரேடியோல தெனம் வாசிக்கிறதுதானே, அமுலு ஒண்ணும் சொல்லலையே'ன்றான். ஒருத்தனும் வலையை எடுக்கலையாம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏரி அசையாமல் கிடந்தது. எங்கள் பக்கம் பளிச்சென்று வெயில். நான் வாசித்ததை நானே நம்பினேனா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அந்த மாதிரி எச்சரிக்கை அந்த மாதத்தில் ஏழெட்டு வந்திருக்கும், பாதிக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அமுலுவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். கூப்பிடாவிட்டால் பதினொரு படகு கடலில். போனைத் தொடாதே என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன், எடுப்பாளா என்பதும் சந்தேகம். போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மேடம், நானே உங்களுக்குப் பண்ணலாமானு கையில வெச்சிகினு கீறேன். நீங்கதான் தொடக்கூடாதுன்னீங்க. திருப்பாலைவனம் வந்துட்டோம். மேக்கால வானம் சரியில்ல மேடம். கருப்பு இல்ல, பழுப்பா, மண்ணு கலந்தாப்ல கீது."

நான் படகுகளைப் பற்றிச் சொன்னேன். பஸ் இரைச்சலில் பாதி அவளுக்குக் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்றாள். விசில் சத்தம். "இந்தாம்மா, வண்டி நிக்காது" என்று கண்டக்டரின் குரல். "போங்க, போங்க" என்றாள் அமுலு. அதற்குப் பிறகு வண்டிச் சத்தம் தேய்ந்துபோய், அவள் மூச்சு மட்டும் கேட்டது.

இறங்காதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அதற்கு இரண்டு விநாடி அவகாசம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நான் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. வானிலை விஷயத்தில் அதிகாரப்பூர்வ அறிவிப்பைத் தவிர வேறு எதையும் ஒலிபரப்பக்கூடாது. தவறாகிவிட்டால் உரிமம் போகும். பதினொரு படகு வலையைப் பாதியில் சுருட்டிக்கொண்டு வந்து, காற்றும் வராமல் போனால், அதற்கப்புறம் அமுலு சொன்னாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நான் எச்சரிக்கையை இன்னொரு முறை முழுவதும் வாசித்தேன். பிறகு, "இது அதிகாரிகள் சொன்னது. இப்போது நம் அறிவிப்பாளர் அமுலு திருப்பாலைவனத்தில் நிற்கிறார். அவர் கண்ணால் பார்ப்பதைச் சொல்வார்" என்று சொல்லிவிட்டுப் போனை மைக்கின் முன்னால் பிடித்தேன். கணிப்பு அவர்களுடையது, பார்த்தது நம்முடையது. எது எது என்று கேட்பவருக்குத் தெரியவேண்டும். இந்த ஒரு காரியத்தை அன்றைக்குச் சரியாகச் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவள் பேசியதை நான் பதிவு செய்யவில்லை. ஆனால் ஏறக்குறைய அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, அமுலு பேசறேன். நான் திருப்பாலைவனத்துல ரோட்டு மேல நிக்கிறேன். மேக்கால பழுப்பா ஏறி வருது. இங்க காத்து வந்துட்டுது, நெல்லு வயல்ல பயிரு படுத்துக்கீது, கோயில் பக்கத்துல ஒரு கொட்டாய் தகரம் தூக்கிகினு போயிட்டுது. இது உங்ககிட்ட வர்றதுக்கு ஒரு மணி நேரம் கூட ஆவாது. மேல்காத்து, கரையிலேருந்து உங்களை வெளிய கடலுக்குள்ள தள்ளும். வலை வந்தா வரட்டும், வராட்டி வுட்டுடுங்க. முகத்துவாரம் தாண்டி ஏரிக்குள்ள வந்துடுங்க. வர முடியாதவங்க கரையை ஒட்டிகினே வாங்க. மறுபடி சொல்றேன்..."

மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது அவள் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

கன்னியம்மா தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். "எடுத்துட்டாங்க, வலையை எடுத்துட்டாங்க" என்று கத்தினார். எட்டேகால் மணி வாக்கில் முதல் படகு முகத்துவாரத்துக்குள் வந்தது. அதன் பின்னால் வரிசையாக மற்றவை. எட்டரைக்குக் காற்று அடித்தது. எங்கள் மாடிக் கம்பம் ஆடிய ஆட்டத்தில் நிலையமே பேயாட்டம் ஆடியது. மின்சாரம் போய்விட்டது. ஏரியின் மறுகரை தெரியவில்லை.

பத்துப் படகு வந்துவிட்டது. பதினொன்றாவது ஏழுமலையுடையது; அந்தப் படகில் யார் போனும் போகவில்லை.

அமுலு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி ரயில் நிலையத்துக்கு வந்து போன் செய்தபோது மணி ஒன்பதே முக்கால். எடுத்த எடுப்பில், "எல்லாரும் வந்துட்டாங்களா மேடம்?" என்றாள்.

நேர்காணலுக்குப் போகிற பெண்ணிடம் என்ன சொல்வது? வந்துட்டாங்க, நீ போ என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அது நல்லதாகக்கூட இருந்திருக்கும். ஆனால் முப்பது வருஷம் செய்தி வாசித்தவளுக்கு வாயில் அது வரவில்லை.

"பத்துப் படகு வந்துடுச்சும்மா. ஏழுமலை படகு இன்னும் வரலை."

அந்தப் பக்கம் ரயில் அறிவிப்பு மட்டும் கேட்டது. பிறகு, "நான் திரும்பி வந்துடட்டுமா?" என்றாள்.

"மீன்வளத்துறைக்கும் கடலோரக் காவலுக்கும் சொல்லியாச்சு. காத்து கொஞ்சம் அடங்கினதும் ஊர்க்காரங்க ரெண்டு படகுல தேடப் போறாங்க. நீ வந்தா கரையில நிப்ப. அங்க போனா உள்ள உக்காருவ. எதுன்னு நீதாம்மா சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

"கரையில நின்னா எல்லாரும் என் மூஞ்சியையே பாத்துகினு இருப்பாங்க மேடம்" என்றாள். "நான் போறேன். போனை மட்டும் அணைக்க மாட்டேன்."

"அணைக்காதே" என்றேன்.

கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டே கால். தலையிலிருந்து கால்வரை ஈரம். அலுவலகத்திலிருந்த அம்மையார் கடிகாரத்தைக் காட்டினாராம். அமுலு நான் சொல்லிக்கொடுத்தபடியே காரணம் சொல்லாமல், "மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பட்டியலில் கடைசியாகப் போட்டுவிட்டார். உள்ளே கூப்பிடும்போது ஒன்றரை மணி; எனக்கு ஒரு வரி செய்தி அனுப்பிவிட்டுப் போனாள்.

நான் மதியம் முழுவதும் அறைக்கும் மாடிப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒன்றே முக்காலுக்கு என் போனில் தெரியாத எண் ஒன்று வந்தது. கரகரவென்று ஒரு குரல். "மேடம், ஏழுமலை. காட்டுப்பள்ளியாண்ட கரையேறிட்டோம். நாலு பேரும் நல்லாக் கீறோம். எங்க போனுல தண்ணி பூந்துட்டுது, இங்க ஹார்பர் வாட்ச்மேன் போன் இது. அமுலுகிட்ட சொல்லிடுங்க, அவ நம்பரு எனக்கு ஞாபகம் இல்ல, ரேடியோல தெனம் சொல்ற உங்க நம்பருதான் ஞாபகம் வந்துச்சு."

கன்னியம்மாவைக் கூப்பிட மேசையைத் தட்டினேன். அவர் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு ஜன்னலிலிருந்து கீழே பஜாரைப் பார்த்துக் கத்தினார், "கரையேறிட்டாங்கோ!" கீழே யாரோ விசிலடித்தார்கள்.

இப்போது அமுலு உள்ளே உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் நேர்காணல் கெட்டுப்போகலாம். பத்து நிமிஷம் பொறுத்தால் வெளியே வந்துவிடுவாள். பொறுக்கலாமா? அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளில் யோசிக்காமல் எடுத்தது அது ஒன்றுதான். அழுத்திவிட்டேன்.

அந்த அறையில் நடந்ததை அவள் சாயங்காலம் வந்து சொன்னாள். உள்ளே போனதும் போனை மேசைமேல் வைத்திருக்கிறாள். எதிரே இருந்த மூன்று பேரில் நடுவில் உட்கார்ந்திருந்தவர், "அதை உள்ளே வைங்க" என்றிருக்கிறார்.

"சார், இது இங்கயே இருக்கட்டும் சார். எங்க வீட்டுக்காரர் கடல்ல கீறாரு. காத்துல படகு இன்னும் வரல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அவர்களில் ஒரு பெண்மணி, "இன்னொரு நாள் வெச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"வேணாம் மேடம், கேளுங்க. நீங்க கேட்டுகினு இருந்தா நேரம் போவும்."

கேட்டிருக்கிறார்கள். எதற்காக இந்தப் படிப்பு என்றுதான் முதல் கேள்வி. நாற்பது தடவை ஒப்பித்த பதில் அவளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. நான் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான் நின்றிருக்கிறது. அவள் சொன்னது இது:

"காலையில நான் ரேடியோல பேசினதக் கேட்டு பத்து படகு திரும்பிடுச்சு சார். ஒண்ணு திரும்பல. அதே ரேடியோ, அதே பேச்சு. அந்த ஒண்ணு ஏன் திரும்பலைனு எனக்குத் தெரியணும்."

அதற்குப் பிறகு அவர்கள் நோட்டிலிருக்கும் கேள்வி எதையும் கேட்கவில்லை. காலையில் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தகரம் பறந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்திருக்கிறது. என் பெயர். அவளுக்குக் கை நீளவில்லை. அந்தப் பெண்மணிதான் எழுந்து வந்து போனை எடுத்து அவள் கையில் வைத்தாராம்.

"வந்துட்டாங்கம்மா. நாலு பேரும்" என்றேன் நான். அந்தப் பக்கம் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு ஒரு பெண் விம்மி விம்மி அழுவதும், நாற்காலிகள் இழுபடுவதும், "தண்ணி கொண்டு வாங்கப்பா" என்று ஓர் ஆணின் குரலும் கேட்டன. நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கே அழுதேன்.

மறுநாள் ஏழுமலை நிலையத்துக்கு வந்தார். கையெல்லாம் கயிறு அறுத்த காயம். டீ வரவழைத்தேன். நான்தான் கேட்டேன், "மத்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்களே, நீங்க ஏன் திரும்பலை? ரேடியோ கெட்டுப்போச்சா?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு நெளிந்தார். அமுலுவைப் பார்த்தார்.

"சொல்லு, மேடம்தான் கேக்கறாங்க இல்ல" என்றாள் அமுலு.

"இல்ல மேடம்... ரேடியோ நல்லாத்தான் கீது. நேத்து அமுலு இல்லன்னு எனக்குத் தெரியும் இல்ல. உங்க குரல் வந்துச்சு. சரி, நியூஸ்னு அணைச்சிட்டேன்."

அமுலு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு ரொம்ப நேரம் அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் என் குரலை எத்தனை பேர் இப்படி அணைத்திருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒருவர் சொன்னதே நல்லதாயிற்று.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உங்களுக்குத் தெரியாதது, அன்றைக்குச் சாயங்காலம் ஏழுமலை ஒரு பை நண்டோடு வந்து கேட்ட கேள்வி. "சந்தோஷம்தான் மேடம். இவ பாட்டுக்கு மெட்ராசுக்குப் போயிட்டா எங்களுக்குக் காத்து யாரு சொல்றது?"

"வேற ஆள் எடுக்கிற வரைக்கும் நான்தான்" என்றேன்.

அவர் என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது. பிறகு, "அப்போ நான் ஒரு நாலு நாள் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார்.

வந்தார். அமுலு கிளம்பிய அடுத்த நாள், மாலை ஆறு மணி அறிவிப்புக்குக் கால் மணி முன்னால், குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தாளை எடுத்து ஒத்திகையாக வாசித்துக் காட்டினேன். "காற்று வீசக்கூடும்."

"மேடம், வீசக்கூடும்னா வருமா, வராதா?"

"வரலாம்."

"நீங்க வெளிய போயி பாத்தீங்களா?"

இல்லை என்றேன். அறிவிப்புக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. தாளை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் முன்னால் போக, நான் மொட்டை மாடிக்கு ஏறினேன்.